நாயும் இல்லை, மூளையும் இல்லை!

சாசேஜைக் கல்லில் வாட்டும்போது கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? சூடு ஏற ஏற அது உப்பும். ஒரு கட்டத்தில் 'பட்' என்று வெடிக்கும். அந்த வெடிப்பு எந்தத் திசையில் விழுகிறது? பெரும்பாலும் நீளவாக்கில்தான். மோதிரம் போட்டதுபோல் குறுக்கே சுற்றி வெடிப்பது அரிது.

இதற்கு விடை இயற்பியல் பாடத்தில் இருக்கிறது. சாசேஜ் எப்படி உருண்டு கெட்டியாகிறது என்பதற்கு விடை வேதியியலில் இருக்கிறது. அது ஏன் இளஞ்சிவப்பாக இருக்கிறது என்ற கேள்வியோ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு பலரைக் கொன்ற ஒரு நஞ்சின் கதையில் கொண்டுபோய் விடும். ஜொகூரின் இரவுச் சந்தைகளில் சில ரிங்கிட்டுக்கு வாங்கிச் சாப்பிடும் ஹாட் டாக்குக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. மூவார் நகரின் புகழ்பெற்ற ஓத்தாக்-ஓத்தாக்கும் ஏறக்குறைய இதே அறிவியலில்தான் உருவாகிறது.

நீளவாக்கில் வெடிப்பது ஏன்?

சாசேஜுக்குள் நிறைய நீர் இருக்கிறது. சூடு ஏறும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகிறது. வெளியேற வழியில்லாத ஆவி, தோலை உள்ளிருந்து எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுகிறது. அழுத்தம் சமம் என்றால் தோலும் எல்லாப் பக்கமும் சமமாக இழுபட வேண்டும் அல்லவா? அங்கேதான் உருளை வடிவம் குறுக்கிடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். சாசேஜின் நீளம் 10 சென்டிமீட்டர், ஆரம் 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், அதை நீளவாக்கில் இரண்டு பாதியாகப் பிளக்க முயலும் விசையைப் பார்ப்போம். அந்த விசை செயல்படும் பரப்பு, விட்டம் 2 பெருக்கல் நீளம் 10, அதாவது 20 சதுர சென்டிமீட்டர். அதைத் தாங்கிப் பிடிப்பது இரு ஓரங்களிலும் உள்ள தோல். ஓர் ஓரத்துக்கு 10 என்று மொத்தம் 20 சென்டிமீட்டர். ஆக, ஒரு சென்டிமீட்டர் தோல் தாங்கும் சுமை 1 பங்கு.

இனி, குறுக்கே பிளக்க முயலும் விசை. அது செயல்படும் பரப்பு ஒரு வட்டம், 3.14 சதுர சென்டிமீட்டர். தாங்குவது வட்டத்தைச் சுற்றியுள்ள தோல், 6.28 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் தோல் தாங்கும் சுமை அரைப் பங்குதான்.

சுற்றுவாக்கில் தோல் படும் இழுவிசை, நீளவாக்கில் படுவதைப்போல் சரியாக இரண்டு மடங்கு. அதனால்தான் தோல் முதலில் நீளவாக்கில் கிழிகிறது. சாசேஜின் நீளத்தையும் ஆரத்தையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இந்த இரண்டு மடங்கு மாறவே மாறாது. நீராவிக் கொதிகலன், எரிவாயுக் குழாய், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றை வடிவமைக்கும் பொறியாளர்கள் முதலில் கற்கும் பாடங்களில் இதுவும் ஒன்று. கடைக்காரர் வாட்டும் முன் கத்தியால் சில கீறல்கள் போடுகிறாரே, அது அழகுக்காக மட்டும் அல்ல. ஆவி வெளியேற வழி கிடைத்தால் அழுத்தம் கூடாது. சாசேஜும் தாறுமாறாக வெடிக்காது.

பெயரில் என்ன இருக்கிறது?

'ஹாட் டாக்' என்றால் நேர்ப்பொருள் சூடான நாய். 'ஓத்தாக்' என்றால் மலாய் மொழியில் மூளை. ஒன்றில் நாய் இல்லை. மற்றொன்றில் மூளை இல்லை. அரைத்த மீனின் வெண்மையான, மெத்தென்ற தோற்றம் மூளையை நினைவூட்டியதால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்லப்படுகிறது.

ஹாட் டாக் என்ற பெயர் அமெரிக்காவில் கேலியாகப் பிறந்தது. மலிவான சாசேஜில் என்ன இறைச்சி இருக்கிறதோ என்ற சந்தேகம் 19-ஆம் நூற்றாண்டில் மக்களிடம் பரவலாக இருந்தது. அந்தச் சந்தேகமே நகைச்சுவையாகி, பிறகு பெயராக நிலைத்தது. நியூயார்க் விளையாட்டரங்கு ஒன்றில் ஒரு கேலிச்சித்திரக்காரர்தான் இந்தப் பெயரைச் சூட்டினார் என்று ஒரு கதை உண்டு. ஆனால் அந்தக் கதை குறிப்பிடும் காலத்துக்கு முன்பே, 1890-களில், இந்தச் சொல் அச்சில் வந்துவிட்டது. சுவையான கதை எல்லாம் உண்மையான வரலாறு ஆகிவிடாது.

மலேசியாவில் இந்தப் பெயர் 2016 அக்டோபரில் பெரிய செய்தியானது. ஆன்டி ஆன்ஸ் என்ற பிரட்சல் ரொட்டி நிறுவனம் ஹலால் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது, 'பிரட்சல் டாக்' என்ற பெயரை 'பிரட்சல் சாசேஜ்' என்பதுபோல் மாற்றும்படி இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் கூறியது. பெயர் வாடிக்கையாளர்களைக் குழப்பும் என்பது அத்துறை சொன்ன காரணம். இது தேவையா என்று நாடெங்கும் விவாதம் நடந்தது. உணவின் பெயர் வெறும் சொல் அல்ல, உண்பவரின் நம்பிக்கையோடும் தொடர்புடையது என்பதை அந்த விவாதம் காட்டியது.

பிராங்க்ஃபர்ட்டிலிருந்து பர்கர் கடை வரை

ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரும் ஆஸ்திரியாவின் வியன்னா நகரும் மெல்லிய சாசேஜுகளுக்குப் பெயர் பெற்றவை. பிராங்க்ஃபர்ட்டர், வீனர் என்ற பெயர்கள் அந்த ஊர்களிலிருந்து வந்தவை. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள் இந்த உணவை உடன் கொண்டு சென்றனர். நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் ரொட்டிக்குள் வைத்து விற்ற முன்னோடிகளில் ஒருவர் சார்ல்ஸ் ஃபெல்ட்மன். அவரிடம் வேலை செய்த நேத்தன் ஹேண்ட்வெர்க்கர், 1916-இல் தனிக் கடை திறந்து, 5 காசுக்கு, அதாவது ஃபெல்ட்மன் விலையில் பாதிக்கு, விற்றார். கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. கடற்கரைக்கு வரும் தொழிலாளர்கள், ஒரு கையில் பிடித்து நடந்துகொண்டே தின்னக்கூடிய மலிவான, சூடான உணவு. இந்த உணவு இன்றுவரை நிலைத்திருப்பதற்குக் காரணம் இந்தச் சூத்திரம்தான்.

போன இடமெல்லாம் அது உள்ளூர் உடை அணிந்துகொண்டது. சிகாகோவில் மஞ்சள் கடுகுச் சாந்து, தக்காளித் துண்டு, ஊறுகாய் வெள்ளரி, மிளகாய் எல்லாம் உண்டு. ஆனால் தக்காளிச் சாறு ஊற்றுவதை அங்குள்ள பலர் ஒரு குற்றமாகவே பார்ப்பார்கள். சிலி நாட்டின் 'கொம்ப்ளெத்தோ'வில் வெண்ணெய்ப் பழமும் தக்காளியும் மயோனைஸும் குவிந்திருக்கும். ஐஸ்லாந்தில் ஆட்டுக்குட்டி இறைச்சி கலக்கிறார்கள். பச்சை வெங்காயமும் பொரித்த வெங்காயமும் சேர்த்துத் தூவுகிறார்கள். டென்மார்க்கில் சாசேஜின் தோலுக்குப் பளிச்சென்ற சிவப்புச் சாயம். கொரியாவில் குச்சியில் குத்தி, மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள்.

மலேசியாவுக்கு அமெரிக்கத் துரித உணவு முதலில் வந்தது 1963-இல். ஏ அண்ட் டபிள்யூ நிறுவனம் கோலாலம்பூரில் கடை திறந்தது. அதன் பட்டியலில் இன்றும் இருக்கும் 'கோனி' என்ற பெயர், கோனி ஐலண்ட் கடற்கரையின் நினைவுதான். ஆனால் நகர்களைத் தாண்டி கம்பம், தோட்டப்புறம், தாமான் எங்கும் இந்த வகை உணவைக் கொண்டுசேர்த்தவை சாலையோர பர்கர் கடைகள். 1979-இல் ராம்லி மொக்னி தம் மனைவியுடன் சிறு அளவில் தொடங்கிய பர்கர் தொழில் நாடு முழுவதும் பரவியது. முஸ்லிம்கள் ஐயமின்றி உண்ணக்கூடிய இறைச்சிப் பொருள் வேண்டும் என்பதே அவரது தொடக்கம். இன்று ஜொகூரில் எந்தத் தாமானிலும் மாலையில் திறக்கும் பர்கர் கடையில் ஹாட் டாக்கும் கிடைக்கும். மார்ஜரின் தடவிச் சூடாக்கிய ரொட்டி, இரண்டாகப் பிளந்து வாட்டிய சாசேஜ், முட்டை, முட்டைகோஸ், மிளகாய்ச் சாந்து, மயோனைஸ். இது நம் ஊர்ப் பாணி. "ஆயாமா, டாகிங்கா?" என்று கடைக்காரர் கேட்பதும் நம் ஊர்ப் பாணிதான். கோழியா மாடா என்ற அந்தக் கேள்வி நமக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

உப்பு, குளிர், சூடு

கோழியைக் கொத்தி உருண்டை பிடித்து வேகவைத்தால் அது பொலபொலவென்று உதிரும். சாசேஜ் உதிர்வதில்லை, வளைத்தால் வளைகிறது, விட்டால் நிமிர்கிறது. என்ன வேறுபாடு?

தசையில் மயோசின் என்ற புரதம் நிறைய உண்டு. நம் கை கால்களை அசைக்க உதவும் புரதம் இது. நீண்ட இழைகளாகக் கட்டுண்டு கிடக்கும் மயோசின், வெறும் நீரில் கரையாது. உப்பு நீரில் கரையும். இறைச்சியோடு ஏறக்குறைய நூற்றுக்கு 2 பங்கு உப்பைச் சேர்த்து நன்றாக அரைத்தால், மயோசின் வெளியே வந்து பசைபோல் ஒட்டிக்கொள்கிறது. உப்பு இங்கே சுவைக்காக மட்டும் இல்லை. கட்டுமானப் பொருளாகவும் வேலை செய்கிறது.

அந்தப் பசை இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, அரைபடும் கொழுப்பைச் சிறு சிறு துளிகளாகச் சூழ்ந்து பிடித்துக்கொள்கிறது. எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்கும் இந்த நிலையைப் பால்மம் என்று வேதியியலில் படித்திருப்பீர்கள். இரண்டாவது, சூடு பட்டதும் மயோசின் மூலக்கூறுகள் மடிப்பு விரிந்து, ஒன்றோடொன்று பின்னி, முப்பரிமாண வலையாகிவிடுகின்றன. நீரும் கொழுப்பும் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்கின்றன. இதுவே களி நிலை. சாசேஜின் துள்ளலுக்கும் சாறு நிறைந்த தன்மைக்கும் இந்த வலைதான் காரணம்.

அரைக்கும்போது தொழிற்சாலைகளில் தண்ணீருக்குப் பதில் பனிக்கட்டி சேர்ப்பது வழக்கம். அரைவைக் கத்தியின் உராய்வில் வெப்பம் பிறக்கும். கலவை சூடேறினால் கொழுப்பு உருகி ஓடும். புரதமும் வலை பின்னும் நேரம் வருவதற்கு முன்பே கெட்டுவிடும். அப்புறம் வேகவைத்தால் கொழுப்பு ஒரு பக்கம், வறண்ட இறைச்சி ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். எனவே முதலில் குளிர், கடைசியில் சூடு. இந்த வரிசை மாறக்கூடாது.

மூவாரில் அதே பாடம்

இனி மூவாருக்கு வருவோம். ஓத்தாக்-ஓத்தாக் செய்பவர்கள் தெங்கிரி போன்ற மீனின் சதையை அரைத்து, உப்பு, மிளகாய், மஞ்சள், செராய், லெங்குவாஸ், தேங்காய்ப்பால் சேர்த்துப் பிசைகிறார்கள். கலவையை நிப்பா ஓலைக்குள் மெல்லியதாக வைத்து மூடி, கரி நெருப்பில் வாட்டுகிறார்கள்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். மாட்டிறைச்சி அல்லது கோழியின் மயோசினுக்குப் பதில் மீனின் மயோசின். விலங்குக் கொழுப்புக்குப் பதில் தேங்காய்ப்பாலின் எண்ணெய்த் துளிகள். குடல் உறைக்குப் பதில் நிப்பா ஓலை. உப்பு அதே உப்பு. வலை அதே வலை. பிராங்க்ஃபர்ட் கசாப்புக்காரரும் மூவார் ஓத்தாக் வியாபாரியும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே வேதியியலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதிலும் வட்டார வகைகள் உண்டு. மூவார் ஓத்தாக் சிவந்த நிறம், மெல்லிய வடிவம், கரி மணம். பினாங்கின் நோன்யா வகையில் முட்டையும் தேங்காய்ப்பாலும் அதிகம். வாழை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைப்பதால் புட்டிங்போல் மெத்தென்று இருக்கும். ஆவியின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கரி நெருப்பிலோ மேற்பரப்பு காய்ந்து அதைவிட மிகுதியாகச் சூடேறும். அப்போது புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வாட்டிய மணத்தையும் தருகின்றன. இதற்கு மயார் வினை என்று பெயர். ரொட்டியின் பொன்னிற மேற்புறமும், கல்லில் வாட்டிய சாசேஜின் மணமும் இதே வினையின் பயன்கள். ஆவியில் வெந்த ஓத்தாக்கில் அந்த மணம் ஏன் இல்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

கிழக்குக் கரையின் திரெங்கானுவில் மீனையும் சாகோ மாவையும் சேர்த்துப் பிசைந்து, நீண்ட உருளைகளாக உருட்டி வேகவைக்கும் 'கெரோப்போக் லெக்கோர்' உண்டு. வடிவத்தில் அது சாசேஜேதான்; ரொட்டி மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை சைவம் இருக்கும் வீடுகளில் சைவ சாசேஜ் பார்த்திருப்பீர்கள். அதில் மயோசின் இல்லையே, எப்படிக் கெட்டியாகிறது? சோயாப் புரதம், கோதுமைப் புரதம், முட்டை வெள்ளை போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன. சிலவற்றில் மெத்தில்செல்லுலோஸ் என்ற பொருள் சேர்க்கிறார்கள். இது விசித்திரமானது. சூடாக்கினால் கெட்டியாகும், ஆறினால் மறுபடி இளகும். முட்டை உள்ள சாசேஜ் எல்லாருக்கும் சைவம் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இளஞ்சிவப்பின் இரகசியம்

வீட்டில் அம்மா வேகவைக்கும் கோழி வெளுத்துப்போகிறது. கோழி சாசேஜ் மட்டும் ஏன் வெந்த பிறகும் இளஞ்சிவப்பாக இருக்கிறது? பல சாசேஜ்களில் சேர்க்கப்படும் சோடியம் நைட்ரைட் என்ற உப்பே முக்கியக் காரணம். அதிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு, தசையில் உள்ள மயோகுளோபின் என்ற நிறமியின் இரும்போடு இணைகிறது. சூடுபட்டாலும் மாறாத இளஞ்சிவப்பு அப்போது உண்டாகிறது.

நிறத்துக்காக மட்டும் நைட்ரைட் சேர்க்கப்படுவதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் சாசேஜ் உண்ட பலர் விசித்திரமான நோய்க்கு ஆளாயினர். பார்வை இரட்டையாகும், இமை தொங்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். யூஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் நோயாளிகளை ஒவ்வொருவராகப் பதிவுசெய்து, 1820-லும் 1822-லும் நூல்களாக வெளியிட்டார். அந்த நஞ்சைச் சிறிதளவு தம் மேலேயே சோதித்தும் பார்த்தார். காற்றுப் புகாத சூழலில் அந்த நஞ்சு உருவாகிறது என்பதையும் கவனித்தார். சாசேஜைக் குறிக்கும் 'போட்டுலஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்தே அந்த நோய்க்கு 'போட்டுலிசம்' என்ற பெயர் வந்தது.

1895-இல் பெல்ஜியத்தில், ஒரு சவ அடக்க நிகழ்வுக்கு வந்த இசைக்குழுவினர் பதப்படுத்திய பன்றி இறைச்சியை உண்டு இதே நோயால் பாதிக்கப்பட்டனர். அப்போது எமில் வான் எர்மெங்கம் என்ற அறிவியலாளர் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். இன்று அதன் பெயர் கிளோஸ்ட்ரிடியம் போட்டுலினம். அதன் வளர்ச்சியைத் தடுப்பதில் நைட்ரைட்டின் பங்கு பெரிது. அதே நஞ்சை மிகமிகச் சிறிய அளவில் மருந்தாகவும் பயன்படுத்துகிறோம். போட்டாக்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்.

நன்மைக்கு ஒரு விலை

நைட்ரைட்டுக்கு மறுபக்கமும் உண்டு. வயிற்றிலோ, கடும் சூட்டில் வாட்டும்போதோ, அது புரதச் சிதைவுப் பொருள்களோடு சேர்ந்து நைட்ரோசமைன் என்ற சேர்மங்களை உண்டாக்கலாம். இவற்றில் பல புற்றுநோயைத் தூண்டக்கூடியவை. இதைக் குறைக்கத்தான் வைட்டமின் சி அல்லது அதன் உறவுப் பொருளான எரித்தோர்பேட்டைச் சேர்க்கிறார்கள்.

2015 அக்டோபரில், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 10 நாடுகளைச் சேர்ந்த 22 வல்லுநர்கள் 800-க்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்ததன் முடிவை வெளியிட்டது. சாசேஜ், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியை அது முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான் உள்ளது. உடனே, 'ஹாட் டாக் தின்பதும் சிகரெட் பிடிப்பதும் ஒன்று' என்று பலர் பேசத் தொடங்கினர். அது தவறான புரிதல்.

அந்தப் பிரிவு, ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. மழை பெய்யும் என்பது உறுதி என்றால், அது தூறலா வெள்ளமா என்று அந்த ஒரு சொல்லை வைத்துக் கூற முடியாது அல்லவா? அதைப்போலத்தான்.

ஆபத்தின் அளவையும் அந்த முகமை கூறியது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது. இது நூறு பேரில் 18 பேருக்குப் புற்றுநோய் வரும் என்று பொருள்படாது. எடுத்துக்காட்டாக, வாழ்நாளில் நூறு பேரில் 5 பேருக்கு அந்த நோய் வருகிறது என்று வைத்துக்கொண்டால், 5-இன் 18 விழுக்காடு 0.9. ஆக 5 என்பது ஏறக்குறைய 6 ஆகும். சிறிய எண்தான். ஆனால் கோடிக்கணக்கான மக்கள் தினமும் தின்றால் அது சிறிய எண் இல்லை. மாதம் ஒருமுறை சந்தையில் வாங்கித் தின்பதும், காலை மாலை குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பொரித்துத் தின்பதும் ஒன்றாகாது.

பின்பக்கத்தைப் படியுங்கள்

சாசேஜ் பொட்டலத்தின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் தகவல். மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். கோழி முதலில் இருக்கிறதா, இரண்டாவது இடத்தில் நீரா மாவா கொழுப்பா என்று பார்த்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும். 250 என்ற எண் சோடியம் நைட்ரைட்டைக் குறிக்கும். 316 என்பது எரித்தோர்பேட். 451 என்பது நீரைப் பிடித்துவைக்க உதவும் பாஸ்பேட்.

நம் வீடுகளில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மாட்டிறைச்சி உண்ணாத குடும்பத்தினர் 'கோழி சாசேஜ்' என்று படித்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் சாசேஜின் தோலைப் பற்றி யோசிக்கிறோமா? பல நாடுகளில் தோல் கொலாஜன் என்ற புரதத்தால் செய்யப்படுகிறது. அது பெரும்பாலும் மாட்டுத்தோலிலிருந்து எடுக்கப்படுவது. உள்ளே கோழி, வெளியே மாடு என்பது நடக்கக்கூடியதே. வேறு பல சாசேஜ்கள் தாவரப் பொருளான செல்லுலோஸ் உறைக்குள் வேகவைக்கப்பட்டு, உறை உரிக்கப்பட்ட பிறகே பொட்டலத்துக்கு வருகின்றன. இவற்றில் உள்ள மெல்லிய 'தோல்', மேற்பரப்புப் புரதம் இறுகியதால் உண்டானதுதான். எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். மாடு அல்லது பன்றியிலிருந்து வந்த பொருள் இருந்தால் அதைச் சிட்டையில் குறிப்பிட வேண்டும் என்று நம் விதிமுறைகள் கூறுகின்றன. ஹலால் முத்திரை இந்தக் கேள்விக்கு விடை தராது, மாடு ஹலால்தான். சிட்டையைப் படித்தால்தான் விடை.

அடுத்து, சோடியம். 50 கிராம் எடையுள்ள ஒரு சாசேஜில் 500 மில்லிகிராம் சோடியம் என்று சிட்டை சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்: 1,250 மில்லிகிராம், அதாவது 1.25 கிராம். பெரியவர்கள் ஒரு நாளில் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர்க்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டு சாசேஜ் தின்றால் அதில் பாதி முடிந்தது. ரொட்டியும் சாந்தும் இன்னும் கணக்கில் வரவில்லை. முன்பு பார்த்த மயோசின் வலை நினைவிருக்கிறதா? உப்பு இல்லாமல் அந்த வலை உருவாகாது. சாசேஜில் உப்பைக் குறைப்பது தொழிற்சாலைகளுக்கு ஏன் கடினம் என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, வெப்பம். ஜொகூரின் மாலை நேரத்தில்கூட வெப்பநிலை 30 டிகிரியை ஒட்டி இருக்கும். 5 முதல் 60 டிகிரி வரை பாக்டீரியா வேகமாகப் பெருகும் எல்லை. தொழிற்சாலையில் வெந்ததுதானே என்று சாசேஜை அப்படியே தின்னக்கூடாது. 2017, 2018-இல் தென்னாப்பிரிக்காவில் 'போலோனி' என்ற தடித்த சாசேஜ் வழியாக லிஸ்டீரியா பாக்டீரியா பரவி, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர்; இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். லிஸ்டீரியா குளிர்பெட்டியிலும் மெல்ல வளரக்கூடியது. நன்றாகச் சூடாக்கினால் சாகும். சந்தையில் வாங்கும்போது ஆவி பறக்கும் சூட்டில் தரும் கடையைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டில் தம்பி தங்கை இருந்தால் ஒரு கடைசி எச்சரிக்கை. வட்ட வட்டமாக நறுக்கிய சாசேஜ் துண்டு, சிறு குழந்தையின் மூச்சுக்குழாயை அடைப்பதற்கு ஏற்ற அளவிலும் வடிவிலும் இருக்கிறது. அழுத்தினால் அமுங்கி இறுகிவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2010-இல் இதைக் குறிப்பிட்டு எச்சரித்தது. முதலில் நீளவாக்கில் நான்காகப் பிளந்து, பிறகு பொடியாக நறுக்கிக் கொடுங்கள்.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இந்தச் சோதனையை வீட்டுச் சமையலறையில் செய்யலாம். முள் நீக்கிய தெங்கிரி மீன் சதை 200 கிராம் எடுத்து, குளிரவைத்து, நன்றாகக் கொத்துங்கள். இரு சம பங்காகப் பிரியுங்கள். ஒன்றில் 2 கிராம் உப்பும் (தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு) ஒரு மேசைக்கரண்டி பனிநீரும் சேருங்கள். மற்றொன்றில் அதே அளவு பனிநீர் மட்டும். இரண்டையும் தனித்தனியே ஐந்து நிமிடம் ஒரே வேகத்தில் பிசைந்து, ஒரே அளவு உருண்டைகளாக்கி, ஒரே பானைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வேகவிடுங்கள்.

வேகும் முன் உங்கள் கணிப்பை எழுதிவையுங்கள். ஆறிய பின் உருண்டைகளை விரலால் அழுத்துங்கள், கத்தியால் வெட்டுங்கள், வெட்டிய முகங்களை ஒப்பிடுங்கள். எது துள்ளுகிறது, எது உதிர்கிறது? இதில் நீங்கள் மாற்றிய மாறி எது, மாறாமல் வைத்தவை எவை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் உப்பைப் பாதியாகக் குறைத்து மூன்றாவது உருண்டை செய்யுங்கள். துள்ளல் கெடாமல் உப்பை எவ்வளவு குறைக்க முடியும் என்பது உணவு அறிவியலாளர்கள் இன்றும் விடை தேடும் கேள்வி. சோதனை முடிந்ததும் உருண்டைகளைக் குழம்பில் போட்டுச் சாப்பிட்டுவிடலாம்.